வகுப்பில் எந்தப் பேர்? பாலினக் கேள்வியோடு கல்லூரிக்குப் போகும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு ஹவுசிங் போர்டு வீட்டில் ஐந்து பேர் இருந்தால், கண்ணாடி ஒன்றுதான் இருக்கும். அதுவும் பீரோ கதவில் பதித்தது. அந்தக் கண்ணாடி முன்னால் தனியாக நிற்க நாளைக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. "கதவைச் சாத்திக்கொண்டு உனக்குப் பிடித்த உடையைப் போட்டுப் பார்" என்று யாராவது யோசனை சொன்னால், சாத்துவதற்கு இங்கே எந்த அறை இருக்கிறது? தான் ஆணா, பெண்ணா, இரண்டிலும் அடங்காதவரா என்ற கேள்வி மனதில் ஓடும் பிள்ளைக்கு இந்த ஊரில் கல்லூரிதான் முதல் தனி இடம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி மாலையில் திரும்பும் வரை உள்ள ஏழெட்டு மணி நேரத்தை வைத்து என்ன செய்யலாம், எதில் அவசரப்படக் கூடாது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. நாளைக்கே பழையபடி மாற்றிக்கொள்ளக்கூடியதை முதலில் செய்து பாருங்கள். பேர், பேச்சு, உடை, முடி எல்லாம் அப்படிப்பட்டவை. மாற்ற முடியாதவை, அதாவது ஹார்மோன், அறுவை சிகிச்சை, வீட்டை விட்டு வெளியேறுவது போன்றவை கடைசியில் வரட்டும். வரிசை தலைகீழாகும்போதுதான் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள். மனதில் சந்தேகம் தெளியும் முன்பே மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிவிடுவதும், கையில் ஐநூறு ரூபாய்கூட இல்லாமல் வீட்டில் உடைத்துச் சொல்லிவிடுவதும் அப்படித்தான் நடக்கின்றன.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது ஒன்று, தன்னை யாராக உணர்கிறோம் என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். இன்னொரு குழப்பமும் உண்டு. "பொம்பளப் புள்ள ஆறு மணிக்கு மேல வெளிய போகக் கூடாது" என்பதைக் கேட்டு வரும் கோபம் நியாயமான கோபம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு நாளைக்கே நீங்கினால் மனது அமைதியாகிவிடுமா, அல்லது கட்டுப்பாடே இல்லாத இடத்திலும் "அவள்" என்ற சொல் உறுத்துமா என்று கேட்டுப் பாருங்கள். உறுத்தும் இடம் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் குறிப்பு எழுதுங்கள். டைரி வேண்டாம். வீட்டில் எல்லோர் கையும் எல்லாப் பையிலும் போகும். போனில் பூட்டு போட்ட குறிப்பாக, மற்றவர்களுக்குப் புரியாத சுருக்கத்தில் எழுதுங்கள். நாளுக்கு மூன்று வரி போதும்: இன்று உடம்பைப் பற்றி எப்போது கூச்சம் வந்தது, யார் எப்படிக் கூப்பிட்டபோது சுருக்கென்றது, எப்போது மனது லேசானது. மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். வலியை மட்டும் எழுதினால் எதிலிருந்து ஓட வேண்டும் என்றுதான் தெரியும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மூன்றாவது வரிதான் காட்டும். முப்பது நாள் கழித்துச் சேர்த்துப் படித்தாலும் தெளிவு வராமல் போகலாம். அதில் தவறில்லை. "நான் இதுதான்" என்று இந்த செமஸ்டருக்குள் முடிவு கட்ட யாரும் கெடு வைக்கவில்லை. திருநங்கை, திருநம்பி (பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்பவர்), இருமையைச் சாராதவர் (ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்) என்று எந்தச் சொல்லையும் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது பேச்சு. தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "நான் வந்தேன்", "நீ வந்தே" இரண்டிலும் பால் கிடையாது. நேருக்கு நேர் பேசும்போது உறுத்துவது டா, டி, அண்ணா, அக்கா, தம்பி, பாப்பா போன்ற விளிச்சொற்கள்தான். "வந்தான், வந்தாள்" என்பதெல்லாம் உங்களைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேசும்போது மட்டும் வருகிறது. அதனால் நண்பர்களிடம் கேட்க வேண்டியது இரண்டே காரியம். டா, டியை விட்டுவிட்டு "மச்சி" என்று கூப்பிடச் சொல்லுங்கள். இப்போது அது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. உங்களைப் பற்றிப் பேசும்போது "அவங்க வந்தாங்க" என்று சொல்லச் சொல்லுங்கள். சென்னைப் பேச்சில் அது தினமும் புழங்குவதால் யார் காதிலும் வித்தியாசமாக விழாது. உங்கள் அம்மா காதில் விழுந்தால்கூட மரியாதையாகப் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார். இதை இரண்டு வாரம் செய்து பாருங்கள். பிறகு வேண்டுமானால் "அவன்" அல்லது "அவள்" என்று மாற்றச் சொல்லலாம்.

பேரையும் அப்படியே சோதிக்கலாம். ஜூஸ் கடையில், நூலக நண்பரிடம், நம்பகமான இரண்டு பேரிடம் மட்டும் புதுப் பேரைக் கொடுங்கள். பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பின்னாளில் ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் சான்றில் ஒரு எழுத்து என்று அலைய வைப்பது அதுதான். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, சுருக்கமா விரிவா என்பதும் அதே போல முக்கியம்.

உடைக்குத் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு இருக்கிறது. வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. ஆனாலும் தெரிந்த முகம் வரும் தீபாவளி, பொங்கல் சீசனைத் தவிர்த்து வார நாள் பகலில் போங்கள். தங்கைக்கு, அண்ணனுக்கு என்று சொல்லி வாங்குவது எளிது. கடைக்காரர் அளவுதான் கேட்பார். அதனால் அளவை எழுதி எடுத்துப் போங்கள். தோள்பட்டை எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை, மார்பின் அகன்ற பகுதியைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி என்று மூன்று அளவு போதும். சட்டை தேடும் திருநம்பிகள் மார்பு தெரியக் கூடாது என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பார்கள். அது தோளில் தொங்கி இரவல் சட்டை மாதிரி ஆகிவிடும். தோளுக்குச் சரியான சைஸில், அடர் நிறக் கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்த சட்டைதான் மார்பை நன்றாக மறைக்கும். சுடிதார் பக்கம் வருபவர்கள் புஃப் கை வைத்ததைத் தவிர்த்து வி-கழுத்துள்ள ஒரே நிறக் காட்டன் குர்த்தியில் தொடங்கலாம். ஜீன்ஸ் மேல் போட்ட குட்டைக் குர்த்தியைப் பார்த்து வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மார்பைத் தட்டையாக்கும் பைண்டர் விஷயத்தில்தான் எங்களுக்குக் கவலை அதிகம், ஏனென்றால் இது மூச்சு சம்பந்தப்பட்டது. காசு இல்லாதவர்கள் முதலில் எடுப்பது கிரேப் பேண்டேஜ், அல்லது பழைய துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக் கட்டுவது. இரண்டும் கூடாது. கிரேப் பேண்டேஜ் மூச்சு விடும்போது நகர்ந்து இறுகிக்கொண்டே போகும், விலா எலும்பு விரியாது. சரியான அளவில் வாங்கிய பைண்டரைக்கூட ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, ஓடக் கூடாது. இன்னும் தட்டையாக இருக்கட்டும் என்று ஒரு சைஸ் சின்னதாக எடுப்பதும் தவறு. கணக்கு போட்டுப் பாருங்கள்: திருவொற்றியூரிலிருந்து காலை ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினால் மூன்று மணிக்கே எட்டு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே கல்லூரிக்குப் போய்ப் போட்டு, கிளம்பும் முன் கழற்றிப் பையில் வையுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது போடாமல் இருங்கள். மூச்சு வாங்கினாலோ, விலாவில் குத்தினாலோ, கை மரத்தாலோ பாதி வகுப்பானாலும் எழுந்து போய்க் கழற்றிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்ப் புழுக்கத்தில் பைண்டரை விட்டுவிட்டு ஸ்போர்ட்ஸ் பிரா, அதற்கு மேல் பனியன், அதற்கு மேல் கட்டம் போட்ட சட்டை என்று போவதே நல்லது.

துவைத்துக் காயப் போடுவதுதான் இதில் யாரும் சொல்லாத சிக்கல். மொட்டை மாடிக் கொடியில் போட்டால் பதினாறு வீட்டுக்கும் தெரியும். ஒளித்து வைக்க வேண்டும் என்று ஈரத்தோடு பைக்குள் சுருட்டினால் மறுநாளே பூஞ்சை வாடை வரும். அதைப் போட்டால் மார்புக்கு அடியில் படர்தாமரை வரும். இரவில் துவைத்து, காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஃபேனுக்கு நேராக நாற்காலி முதுகில் ஒரு சட்டைக்கு அடியில் விரித்து வைத்தால் பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும்.

தாடி நிழலை மறைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. வெந்நீரில் குளித்தவுடன், முடி மிருதுவாக இருக்கும்போது, முடி வளரும் திசையிலேயே ஷேவ் செய்யுங்கள். எதிர்த்து இழுத்தால் முடி தோலுக்குள் வளர்ந்து கொப்புளம் கட்டும். ஷேவ் செய்த பிறகும் தெரியும் நீலச்சாம்பல் நிறத்தை வெறும் பவுடர் மறைக்காது, அதன் மேல் சாம்பலாகத்தான் நிற்கும். ஆரஞ்சு கலந்த சிவப்பு லிப்ஸ்டிக்கைத் துளி எடுத்து விரல் நுனியால் தட்டித் தட்டித் தேய்த்து, அதன் மேல் உங்கள் தோல் நிறக் கிரீமைப் பூசுங்கள். ஆரஞ்சு நிறம் நீலத்தை அடித்துவிடும்.

கழிப்பறை. இதைப் பேசக் கூச்சப்பட்டு, கூச்சப்பட்டுத்தான் பிள்ளைகள் காய்ச்சலில் படுக்கிறார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலை வரை அடக்கி வைத்தால் சிறுநீர்ப் பாதையில் தொற்று வரும். எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, அடிவயிற்று வலி எல்லாம் அதன் அறிகுறி. கூடவே முதுகின் பக்கவாட்டில் வலியும் குளிர் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இடைவேளையில் போகாதீர்கள், கூட்டம் அப்போதுதான். வகுப்பு நடக்கும்போது அனுமதி கேட்டுப் போனால் காலியாக இருக்கும். நம்பகமான ஆசிரியர் ஒருவர் இருந்தால் ஸ்டாஃப் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். காரணம் முழுவதும் சொல்ல வேண்டியதில்லை, "எனக்கு அங்கே பாதுகாப்பாக இல்லை" என்பதே போதுமான காரணம். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு வழியிலேயே ஸ்டேஷன் கழிப்பறை இருக்கிறது. ஆண்கள் கழிப்பறைக்குப் போகத் தொடங்கிய திருநம்பிகள் மாதவிடாய் நாட்களில் ஜிப் வைத்த சிறு கவரும் செய்தித்தாளும் கையோடு வைத்திருங்கள். உள்ளே குப்பைத்தொட்டி இருக்காது. நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

ஹார்மோனைப் பற்றி மறைக்காமல் சொல்கிறோம். கருத்தடை மாத்திரையை நாளைக்கு மூன்று நான்கு என்று விழுங்கினால் பெண் உடல் வந்துவிடும் என்ற பேச்சு தெருவில் இன்னும் இருக்கிறது. அதில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற ஹார்மோன் ரத்தக் கட்டி உண்டாக்கக்கூடியது. அளவு ஏற ஏற, புகை பிடித்தால் இன்னும், ஆபத்து கூடும். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நேரம். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஜிம் நண்பரிடம் வாங்கிப் போட்டுக்கொள்வதும் அப்படியே. ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று சோதனை செய்து பார்த்துக்கொண்டே போட வேண்டிய மருந்து அது. உடைந்த குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. மாதவிடாய் நின்றுவிட்டது என்பதற்காகக் கர்ப்பமே தங்காது என்றும் நினைக்கக் கூடாது. பின்னாளில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் துளியாவது இருந்தால், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

சரியான வழி அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநருக்கான, அதாவது திருநங்கை, திருநம்பி எல்லோருக்குமான சிறப்புப் பிரிவு இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதைப் புறநோயாளிகள் பதிவுச் சீட்டு தரும் இடத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவில் பழைய பேர்தான் இருக்கும், உரக்கக் கூப்பிடுவார்கள். மருத்துவர் அறைக்குள் போனதும் "என்னை இந்தப் பேரில் கூப்பிடுங்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் குறிப்பிலிருந்து பத்து வரியை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால் பதற்றத்தில் எதுவும் விட்டுப்போகாது. பயணம் முடியாத நாளில், இரவில் மனது தாங்காத நேரத்தில், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

"இதை மாற்றிவிடுகிறேன், கொஞ்ச நாள் கூட்டி வாருங்கள்" என்று எந்த மருத்துவராவது உங்கள் பெற்றோரிடம் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிறப்பில் குறித்த பாலினத்தோடு தன் உணர்வு ஒத்துப்போகாத நிலை மனநோய் பகுதியில் இல்லை. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவு இப்படி மாற்ற முயலும் சிகிச்சையைத் தடை செய்யச் சொன்னது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இந்த மூன்று தகவலையும் அச்செடுத்து வையுங்கள். பேய் ஓட்டுபவரிடம் கூட்டிப்போகும் வீட்டில் எடுபடாமல் போகலாம். ஆனால் டாக்டரிடம் கூட்டிப்போகும் வீட்டில் பெரும்பாலும் எடுபடும்.

கல்லூரிக்குள் கேலி, தள்ளி வைப்பது, வீடியோ எடுப்பது எல்லாம் "சும்மா கிண்டல்" அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ராகிங் விதிகளில் 2016-இல் செய்த மூன்றாவது திருத்தம் பாலினம், திருநர் அடையாளம், பாலியல் ஈர்ப்பு ஆகியவற்றை முன்வைத்து மாணவரைத் துன்புறுத்துவதையும் ஒதுக்குவதையும் ராகிங் என்றே சேர்த்திருக்கிறது. அதனால் புகாரில் "ராகிங்" என்ற சொல்லையே எழுதுங்கள். நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். கல்லூரியில் கொடுக்கும் மனுவுக்கு நகல் எடுத்து, அதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். கல்லூரியில் நடவடிக்கை இல்லையென்றால் தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522.

வீட்டில் சொல்வது எப்போது? செமஸ்டர் தேர்வு நேரத்தில் வேண்டாம். சொந்தக்காரர்கள் கூடும் பண்டிகை நாளில் வேண்டாம். அப்பா குடித்துவிட்டு வரும் வீட்டில் இரவில் கண்டிப்பாக வேண்டாம். எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. அக்காவோ, சித்தியோ, அத்தையோ ஒருவர்; அவரிடம் முதலில். "க்கா, நா சொல்றத முழுசா கேளு, நடுவுல அழுவாத, யாருகிட்டயும் இப்போ சொல்லாத" என்று தொடங்குங்கள். கேள்வி வரும்: யாராவது கெடுத்தார்களா, போன் பார்த்து வந்ததா, கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடுமா. பதிலை முன்கூட்டியே ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள், வாதம் செய்ய வேண்டாம். முதல் நாள் வரும் அழுகையையும் கோபத்தையும் கடைசி பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சொல்வதற்கு முன் கைவசம் இருக்க வேண்டியவை: உங்கள் பேரில், உங்கள் போன் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கு, மூன்று மாதப் பஸ், சாப்பாட்டுச் செலவு, பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, ஆதார் ஆகியவற்றின் நகல் டிஜிலாக்கரில். ஓடிப்போய் இரண்டு நாள் தங்க ஒரு நண்பர் வீடு, அந்த வீட்டுப் பெரியவருக்கும் தெரிந்த நிலையில். ஆதார் அப்பாவின் போன் எண்ணோடு இணைந்திருந்தால் ஒவ்வொரு ஓடிபியும் அவர் கைக்குத்தான் போகும். அதை முதலில் மாற்றுங்கள். தெரு முனை இ-சேவை மையத்தில் வேண்டாம், உட்கார்ந்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார்.

வீட்டை விட்டு வர நேர்ந்தால், 18 வயது முடிந்தவர்களைத் தேடி வீட்டில் காணாமல் போன புகார் கொடுப்பார்கள். மேலே சொன்ன 2021 உத்தரவு, வயது வந்தவர் தன் விருப்பத்தோடுதான் இருக்கிறார் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்கச் சொல்கிறது. காவல் நிலையம் கூப்பிட்டால் ஒளியாதீர்கள். வழக்கறிஞரோ, 'சகோதரன்', 'ஓரினம்' போன்ற பாலின, பாலியல் சிறுபான்மையினருக்கான அமைப்புகளில் உள்ளவரோ துணைக்கு இருக்கப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். திருநங்கையருக்கு ஜமாத், அதாவது ஒரு குருவின் கீழ் அவர்கள் கூடி வாழும் குழு, பல நேரம் தாய்வீடு. வீடு துரத்திய எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் சேலாவாக (குருவின் சீடராக) சேரும் முன், கல்லூரிக்குத் தொடர்ந்து போகலாமா, உங்கள் பேரில் என்ன கடன் கணக்கு எழுதுவார்கள் என்ற இரண்டையும் குருவிடம் நேரடியாகக் கேளுங்கள். நல்ல குரு கோபப்பட மாட்டார்.

படிப்பை விடாதீர்கள். உயர்கல்வி படிக்கும் திருநரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசின் 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அதைப் பெற 2008-இல் அமைத்த திருநங்கையர் நலவாரியத்தில் பதிவு தேவைப்படும். அடையாளச் சான்றுக்கு 2019 திருநர் சட்டமும் அதன் 2020 விதிகளும் மாவட்ட ஆட்சியரிடம் இணையத்தில் விண்ணப்பிக்கும் வழியைத் தந்தன. விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டே நிரப்புங்கள், பழைய வீடியோவை நம்ப வேண்டாம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு மாவட்டம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் 2018 முதல் சென்னை மாவட்டம், பீச் ஸ்டேஷன் பக்கம் ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகைதான் ஆட்சியர் அலுவலகம். மீஞ்சூர், பொன்னேரிப் பிள்ளைகளுக்குத் திருவள்ளூர். கடைசி செமஸ்டரில் பேர் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். ஹால் டிக்கெட்டில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர் என்றாகிவிடும். இரண்டாம் ஆண்டு விடுமுறைதான் தோதான காலம்.

அதுவரை வருகைப்பதிவில் பழைய பேர்தான் வரும். துறைத்தலைவரிடம் போய், பேருக்குப் பதிலாகப் பதிவு எண்ணைக் கூப்பிடும்படி கேளுங்கள். மொத்த வகுப்புக்கும் எண் என்றால் உங்கள் மேல் யார் கண்ணும் விழாது.

கூட இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுப் பேரை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்று அந்தப் பேருக்கு உரியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பேரை மாற்றிவிட்டு வாழ்த்துப் போடுவது அன்பில் செய்வதுதான், ஆனால் அந்தக் குழுவில் அவருடைய பெரியப்பா மகன் இருக்கக்கூடும். ராத்திரி போன் செய்யும்போது அவர் பேசும் வரை நீங்கள் பேர் சொல்லாதீர்கள். அம்மா எடுத்தால் பழைய பேர், அவரே எடுத்தால் புதுப் பேர்.